போலோவுக்கு நாலு டயர், கையில் 28,000: பிடிமானமா, ஆயுளா?

நசியனூர் போலோ
வணக்கமுங்க. வண்டி 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஓடியது 42,000 கி.மீ. டயர் சைஸ் 195/55 ஆர்16 87வி. வண்டியோடு வந்த அதே நாலு டயர்தான் இன்னும் ஓடுகிறது. வேலைக்குக் கம்பெனி வேனில் போய்விடுவேன். கார் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை, விசேஷம், அப்புறம் மாதம் ஒருமுறை தாளவாடியில் மாமனார் வீடு. அதாவது பண்ணாரி தாண்டி திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. போன மாதம் ஏறும்போது வளைவுக்கு வளைவு டயர் கீச்சென்று கத்தியது. நான் வேகமாகக்கூடப் போகவில்லை. வீட்டுக்காரி கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை.

பஞ்சர் கடை அண்ணன் "இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும் தம்பி" என்கிறார். ஈரோட்டில் ஒரு டயர் கடையில் நாலுக்கும் சேர்த்து விலை கேட்டேன். அப்போலோ அல்நாக் 25,000-க்குள், யோகோஹாமா ப்ளூஎர்த் 30,000 பக்கம், மிஷெலின் ப்ரைமசி 37,000 என்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் "கோடைக்கால பெர்ஃபார்மன்ஸ் டயர்" என்று தனியாக ஒரு பட்டியலே போடுகிறார்கள். அதில் பாதிப் பெயரைக் கடைக்காரர் கேள்விப்பட்டதே இல்லை. எதை வாங்கலாம்?

பழைய லேத்
தம்பி, கோடை டயர் என்ற பேச்சை முதலில் விடுங்கள். அது பனி விழுகிற நாட்டுக்காரர்கள் வைத்த பெயர். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போகும், அதனால் அவர்கள் குளிர்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மார்கழியிலும் அந்த நிலை வராது. ஊட்டியில் ஜனவரி விடியற்காலை வரும், அவ்வளவுதான். இங்கே கடையில் தொங்குவது பெரும்பாலும் கோடை டயர்தான்.

அந்தப் பட்டியலில் இருப்பது கடையில் இல்லாததற்கும் காரணம் உண்டு. 2020 ஜூனில் இருந்து புது டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். வருவது கொஞ்சம், வந்தாலும் விலை ஏறித்தான் வரும்.

கீச் சத்தத்துக்கு முதல் சந்தேகம் காத்து. எத்தனை வைக்கிறீர்கள், எப்போது பார்க்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் டயர் மாற்றச் சொல்வது, தலைவலிக்குத் தலையை மாற்றுகிற கதை.

கல்லட்டி36
வந்துட்டார் லேத் அண்ணா, காத்து அடைத்தால் போதும் என்று. ஜிடி டிஎஸ்ஐ வைத்துக்கொண்டு அல்நாக் போட்டால் அது பந்தயக் காளையை மாட்டு வண்டியில் பூட்டுகிற மாதிரி. ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான், அதுவும் ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு. மிச்சம் பிடித்து வைக்கிற இடமா அது? ப்ரைமசி கூட சுகத்துக்கும் சத்தக் குறைவுக்கும் செய்த டயர்தான், ஆனால் இந்த மூன்றில் அதுதான் மேல். ஒன்பதாயிரம் சேர்த்துப் போட்டு வாங்குங்கள் அண்ணா.

முடிந்தால் 205/55 ஆர்16 போடுங்கள். அகலமும் கூட, கடையில் தேர்வும் அதிகம்.

பழைய லேத்
205/55 சும்மா அப்படியே ஏறிவிடாது. கணக்கு பாருங்கள். 195 மில்லி அகலம், அதில் 55 சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம், 107.25 மில்லி. மேலே ஒன்று கீழே ஒன்று, அதோடு 16 இஞ்ச் ரிம் 406.4. மொத்தம் 621 மில்லி. 205/55 என்றால் 632. சக்கரமே பெரிதாகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது பழைய சக்கரத்தில் போனதைவிட ஏறக்குறைய 2 கி.மீ. கூடப் போவீர்கள், இழுவையும் ஒரு துளி மந்தமாகும். 205/50 போட்டால் 611, அந்தப் பக்கம் குறையும், அந்த சைஸ் கடையில் கிடைப்பதும் கஷ்டம். வண்டி செய்தவன் 195/55 என்று எழுதியிருக்கிறான், அதையே போடுங்கள். 87-க்குக் குறையாத லோடு இண்டெக்ஸ். அது ஒரு டயருக்கு 545 கிலோ. வி என்பது 240 கி.மீ. வேகம் வரைக்கும். அதற்கும் குறைய வேண்டாம்.

சங்ககிரி லாரி
நாங்க லாரிக்காரங்க, டயரைக் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்றுதான் பார்ப்போம். 25,000 ரூபாய் டயர் 60,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 42 பைசா. 37,000 ரூபாய் டயர் மெதுரப்பராக இருந்து 40,000-இல் முடிந்தால் 93 பைசா. இரண்டுக்கும் நடுவே 51 பைசா. வளைவில் கத்துகிறது என்றால் மெல்லப் போங்க, அதற்குக் காசு ஆகாது.

இப்போதைக்கு ரெண்டு டயர் வாங்கி முன்னால் போடுங்க. முன்சக்கரம் இழுக்கிற வண்டி, தேய்மானம் அங்கேதான். அடுத்த வருஷம் மிச்சம் ரெண்டு.

கோபி அம்மிணி
அண்ணா, அந்த "முன்னால் போடுங்க" என்பதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். ரெண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றும், நம்மைக் கேட்காது. டயர் கம்பெனிகளே அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் வாரம் மூன்று நாள் கோயமுத்தூர் போய்வருகிறவள். போன வருஷம் ஆனியில், பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் தள்ளிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம். அவினாசிக்கு முன்னால் பைபாஸில் 80-இல் வருகிறேன். பெரிய மழை கூட இல்லை, ரோட்டில் எண்ணெய் மிதந்து வானவில் மாதிரி தெரிந்தது. முன்னால் பால் வண்டி பிரேக் போட்டது. நானும் போட்டேன். பெடலுக்குக் கீழே ஏபிஎஸ் கடகடகடவென்று துடிக்கிறது, வண்டி நிற்கிற மாதிரியே இல்லை. கடைசியில் பால் வண்டியின் பின்கதவில் எழுதியிருந்த கொழுப்புச் சதவீதத்தைப் படிக்கிற தூரத்தில் நின்றது. இறங்கியதும் கால் நடுங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

டயர் வரிகளில் 3 மில்லி ஆழம் மிச்சம் இருந்தது. புதுசில் 8 மில்லி இருக்கும். சட்டப்படி 1.6 மில்லி வரை ஓட்டலாம், அதனால் நானும் "இன்னும் இருக்கிறதே" என்றே நினைத்திருந்தேன். தண்ணீரை வெளியே தள்ள அந்த வரிகளில் ஆழம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு 51 பைசா கணக்கே வேண்டாம் அண்ணா. எத்தனை அடி முன்னால் நிற்கும், அதைச் சொல்லுங்கள்.

சங்ககிரி லாரி
லாரியில் புதுசு முன்னால்தான் அம்மிணி. பின்னால் ரீட்ரெட், அதாவது மேலே புது ரப்பர் ஒட்டின பழைய டயர் ஓடும். ஸ்டீயரிங் சக்கரம் வெடித்தால் கதை முடிந்தது.

கோபி அம்மிணி
லாரிக்குச் சரிங்கண்ணா. பின்னால் ஒன்று வெடித்தாலும் பக்கத்தில் ஜோடி டயர் தாங்கும். போலோவுக்குப் பின்னால் மொத்தமே ரெண்டுதானே?

சங்ககிரி லாரி
அதுவும் சரிதான். ரெண்டு டயர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பைசா கணக்கை வாங்கவில்லை.

கல்லட்டி36
அம்மிணி அக்கா சொன்னதுதான் நானும் சொல்வது. டயர் தீர்மானிக்காத விஷயமே இல்லை. 2005 இண்டியானபோலிஸ் எஃப்1 ரேஸ் ஞாபகம் இருக்கிறதா? நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவது வந்த ரேஸ். ஜோர்டன் வண்டி, பிரிட்ஜ்ஸ்டோன் டயர். அந்த ஒரு ரேஸில் 5 பாயிண்ட். டயர்தான் கொடுத்தது.

பழைய லேத்
முழுக் கதையையும் சொல்லு தம்பி. மிஷெலின் போட்ட 14 வண்டியும் ஒரு சுற்று போய்விட்டு ரேஸ் ஆரம்பிக்கும் முன்னாலேயே உள்ளே வந்துவிட்டன. அந்தச் சாய்வான கடைசி வளைவை அவர்கள் கொண்டுவந்த டயர் தாங்காது என்று அவர்களே சொன்னார்கள். ஓடியது ஆறே வண்டி, ஆறும் பிரிட்ஜ்ஸ்டோன். நரேனைக் குறைத்துச் சொல்லவில்லை, கிடைத்ததைக் கொண்டுவந்து சேர்ப்பதும் திறமைதான். ஆனால் அதில் பாடம் என்னவென்றால், அதே மிஷெலின் அந்த வருஷம் மற்ற இடங்களில் ஜெயித்துக்கொண்டிருந்த டயர். அந்த ரோட்டுக்கு ஒத்துவரவில்லை. பேரைப் பார்த்து வாங்காதே, ரோட்டைப் பார்த்து வாங்கு என்பதைத்தான் நான் ஆரம்பத்தில் இருந்தே சொல்கிறேன்.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் நீ ஓட்டுகிற 2.1 கிலோமீட்டர் வேறு. அங்கே பள்ளம் இல்லை, கல் இல்லை, வளைவுக்கு நடுவில் மாடு இல்லை.

நசியனூர் போலோ
லேத் அண்ணா, காத்து பெட்ரோல் பங்கில் பார்ப்பேன், 33. ஆனால் போன முறை சத்தி தாண்டி ஒரு பங்கில் பார்த்தபோது 38 காட்டியது. அந்தப் பையன் "அதிகமா இருக்குதுங்க" என்று இறக்கி 33 வைத்துக்கொடுத்தான். அதற்கப்புறம்தான் மலை ஏறினேன்.

பழைய லேத்
பிடித்தேன் பார்த்தீர்களா. ஓடி ஓடிச் சூடான டயரில் காத்து விரியும். 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடும். சித்திரை வெயிலில் ரோடே கொதிக்கும்போது 33 வைத்தது 38 காட்டினால் அது சரியான டயர். அதை இறக்கினால், ஆறிய பிறகு 28-தான் இருக்கும். 28-இல் மலை ஏறினால் டயர் ஓரம் மடங்கிக் கத்தத்தான் செய்யும். விடியற்காலையில், வண்டி எடுக்கும் முன்னால் பாருங்கள். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எத்தனை வைக்க வேண்டும் என்று ஒட்டியிருக்கும். கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

முதலில் அதைச் சரிசெய்து ஒருமுறை போய்வாருங்கள். கத்தல் நின்றால் 28,000 மிச்சம்.

கோபி அம்மிணி
நில்லுங்கள். வண்டியோடு வந்த டயர் என்றீர்களே நசியனூர் தம்பி. அதில் தேதி என்ன போட்டிருக்கிறது? டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கிற வரிசையில் கடைசி நாலு எண். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

நசியனூர் போலோ
காலையில் பார்த்தேன். வெளிப்பக்கம் அந்த வரிசை பாதியில் நின்றுவிடுகிறது, நாலு எண் இல்லை.

கோபி அம்மிணி
உள்பக்கம் இருக்கும். அட்டை விரித்துப் படுத்து டார்ச் அடியுங்கள்.

நசியனூர் போலோ
படுத்துப் பார்த்தேன். நாலிலும் 1418. 2018-இன் 14-வது வாரம். அங்கேயே இன்னொன்றும் பார்த்தேன். வரிகளுக்கு நடுவே, அடியில், தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்பு சுற்றிலும் ஓடுகிறது. வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டில் புது ஸ்விஃப்ட் நிற்கிறது, அதன் டயரில் கட்டை விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழுகிறது. என்னுடையதில் நகம்தான் வலித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதில்தான் பிள்ளையை உட்கார வைத்து மலை ஏறியிருக்கிறேன்.

பழைய லேத்
எட்டு வருஷம். அப்படியானால் காத்துப் பேச்சு முடிந்தது. டயர் மாற்றத்தான் வேண்டும், உடனே. அஞ்சு வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை ஆளை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், பத்து வருஷம் என்பது கடைசி எல்லை. அது நிழலில் நின்ற வண்டிக்கு. நம் வெயிலில் திறந்தவெளியில் நின்ற வண்டிக்கு நான் ஆறுக்கு மேல் கொடுக்க மாட்டேன். இது என் கணக்கு, புத்தகக் கணக்கு இல்லை.

அப்புறம் இன்னொன்று. நானே என் பேச்சுக்கு எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு வருஷத்தில் 42,000. வருஷத்துக்கு 5,250 கி.மீ. சங்ககிரி அண்ணன் சொன்ன 60,000 கி.மீ. டயரை நீங்கள் தேய்த்து முடிக்கப் பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரப்பர் செத்துவிடும். உங்களுக்கு டயர் தேய்ந்து சாகாது, வயசாகித்தான் சாகும். அப்படியானால் ஆயுளுக்காகக் கெட்டியான ரப்பர் வாங்குவது வீண். ஆறு வருஷத்தில் 32,000 ஓட்டுவீர்கள். அந்த 32,000 மட்டும் தாங்குகிற, பிடிமானம் நல்ல டயர் போதும்.

சங்ககிரி லாரி
அடேங்கப்பா. என் 42 பைசாவை ஒரே அடியில் கவிழ்த்துவிட்டீர்களே. சரி, மாசம் பத்தாயிரம் ஓடுகிறவனுக்கு மட்டும் என் கணக்கு.

கல்லட்டி36
அண்ணா ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். லேத் அண்ணா மெதுரப்பர் வாங்கச் சொன்ன நாள்.

பழைய லேத்
எடுத்துக்கோ. ஆனால் பெர்ஃபார்மன்ஸ் என்று எழுதியிருப்பதை எல்லாம் வாங்கச் சொல்லவில்லை. பட்ஜெட் 28,000 என்றவரிடம் 37,000 சொல்வது ஆலோசனை இல்லை. திம்பத்தில் 30-இல் ஏறுகிறவருக்கு ரேஸ் டயரின் பக்கவாட்டு விறைப்பு எதற்கு? ஈரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நடு விலை டயர் போதும்.

கல்லட்டி36
ஏறுவது 30-இல்தான். இறங்கும்போது? பின்னால் கர்நாடகா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும், முன்னால் மூடுபனி, ரோட்டில் யானைச் சாணம். ராத்திரி ஒன்பது மணிக்குள் பண்ணாரி வனத்துறை கேட்டைத் தாண்டவேண்டும் என்ற அவசரம் வேறு. அந்த நேரத்தில் பிடிமானம் கொஞ்சம் கூட இருந்தால் யாருக்கு வலிக்கிறது?

பழைய லேத்
அவசரத்துக்கு மருந்து டயர் இல்லை, அரை மணி முன்னால் கிளம்புவது. இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினால் பிடியுங்கள், உங்கள் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியரில் மேனுவலுக்குத் தள்ளினால் ரெண்டிலேயே நிற்கும்.

நசியனூர் போலோ
கடைக்காரரிடம் மறுபடி பேசினேன். ப்ளூஎர்த் 30,400 என்றார். ஆனால் "ஸ்டாக் ஒன்று இருக்கிறது, 26,000-க்குத் தருகிறேன்" என்றும் சொன்னார். போய்ப் பார்த்தால் 3123. உள்ளே குடோனில், கறுப்பு பாலிதீனில் சுற்றி வைத்திருந்தது. வாங்கலாமா?

சங்ககிரி லாரி
4,400 மிச்சம். குடோனில் இருந்த டயர் ரோட்டில் ஓடின டயர் மாதிரி கிழடாகாது. வாங்குங்க.

கோபி அம்மிணி
ஏற்கனவே மூன்று வருஷம் போய்விட்டது. லேத் அண்ணா கணக்கில் ஆறில் மூன்று. பாதி ஆயுளை 4,400-க்கு விற்கிறார். எனக்கு லாபமாகத் தெரியவில்லை.

பழைய லேத்
ரெண்டு பேருமே பாதி சரி. இருட்டில், வெயில் படாமல் இருந்த டயர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் அது இருட்டில்தான் இருந்தது என்பதற்குக் கடைக்காரர் வாய்தான் சாட்சி. நிறைய ஓட்டுகிறவர் என்றால் எடுக்கச் சொல்வேன், ரெண்டு வருஷத்தில் தேய்த்துவிடுவார். உங்களைப் போல ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது.

இன்னொன்று கேளுங்கள். 30,400 என்பது புது வரியிலா பழைய விலையிலா? 2025 செப்டம்பர் 22-இல் இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28-இல் இருந்து 18 ஆகிவிட்டது. பழைய 28 சதவீதத்தில் 8,000-க்கு விற்றது இப்போது 7,375 ஆக வேண்டும். பில் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதில் 18 இருக்கிறதா பாருங்கள்.

கல்லட்டி36
பில் இல்லாமல் தந்தால் எவ்வளவு என்று கேட்காதீர்கள். வாரண்டிக்குப் போகும்போது பில்தான் பேசும்.

நசியனூர் போலோ
வாங்கியாச்சுங்க. ப்ளூஎர்த் நாலு, பில்லோடு 28,900. வரியைக் கேட்டதும் கடைக்காரர் கால்குலேட்டரை மறுபடி தட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை. அலைன்மென்ட், பேலன்சிங், புது வால்வு தனியாக. நைட்ரஜன் வேண்டுமா என்றார், சாதாரணக் காத்தே போதும் என்றேன். மூன்று டயர் 0626, ஒன்று 0426. பொருத்தும் முன்னால் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். டயர் மாட்டுகிற பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கல்லட்டி36
பட்ஜெட் தாண்டியது 900-தானா? இன்னும் எட்டாயிரம் போட்டிருக்கலாம் :) சரி, முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் மெல்லப் போங்கள், புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். மலை ஏறிவிட்டு எழுதுங்கள்.

நசியனூர் போலோ
நேற்று போய்வந்தோம். காலையில் வாசலிலேயே 33 பார்த்துக் கிளம்பினேன், வழியில் எங்கேயும் இறக்கவில்லை. பத்தாவது வளைவில் தூறல், இருபதுக்கு மேல் நல்ல மழை. கத்தல் இல்லை. ஒரு இடத்தில் ரோட்டோரம் கல் சரிந்து கிடந்தது, பிரேக் போட்டேன், நின்றது.

கல்லட்டி36
வளைவில் பிடிமானம் எப்படி? ஸ்டீயரிங்கில் வித்தியாசம் தெரிந்ததா?

நசியனூர் போலோ
அதைக் கவனிக்கவில்லை தம்பி. வீட்டுக்காரி பண்ணாரியில் தூங்கினவள், தாளவாடியில்தான் எழுந்தாள்.

சங்ககிரி லாரி
எல்லாம் சரி. ஸ்டெப்னி எந்த வருஷம்?

நசியனூர் போலோ
இப்போதுதான் டிக்கியைத் திறந்து பார்த்தேன். 1218. காத்து 14 இருக்கிறது.